ஜெனிபரின் அப்பா போன கப்பல்

சுனாமிக்கு முந்தைய வருடம், தவக்காலம். நான் கோயிலில் வாசித்த ஒரே ஒரு வரியால் ஒரு பிள்ளையின் படிப்பு நின்றுபோனது. அதை என்னால் சரிசெய்ய முடியவில்லை. ஆண்டவர் செய்தார். உங்களிடம் அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு ராயபுரத்தில். அப்பா துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைப்பவர். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அப்பாவோ அம்மாவோ ஜெயிலில் இருக்கும் பிள்ளைகளுக்குத் துணையாக, கோயிலை ஒட்டிய அறையில் சனிக்கிழமை மாலைகளில் உட்காருவேன். ஐந்து பெண்பிள்ளைகள் வந்தார்கள். ஏழாம் வகுப்பு ஜெனிபர் அவர்களில் ஒருத்தி.

அப்பா ஜெயிலுக்குப் போனால் ‘கப்பலுக்குப் போயிருக்காரு’ என்பது எங்கள் தெருக்களின் வழக்கம். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். ஜெனிபரும் வகுப்பில் அப்படித்தான் சொல்லியிருந்தாள். எனக்குத் தெரியும்.

தெரிந்தும் செய்தேன். ஞாயிறு பூசையில் எல்லோர் சார்பிலும் வாசிக்கும் மன்றாட்டை எழுதும் வாய்ப்பு வந்தது. எல்லோரும் மெச்ச வேண்டும் என்ற ஆசை. “சிறையில் வாடும் சகோதரர் அந்தோணிக்காகவும், அவர் மகள் ஜெனிபருக்காகவும்” என்று மைக்கில் வாசித்தேன். “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்று கோயில் முழுவதும் ஒரே குரலில் பதில் சொன்னது. ஜெனிபர் எழுந்து வெளியே போனாள்.

மறுநாள் வகுப்பில் ரோசி என்ற பெண் கேட்டாளாம்: “இன்னாடி, உங்க அப்பா கப்பலு ஜெயிலாண்ட நிக்குதா?”

அதோடு ஜெனிபர் பள்ளிக்குப் போகவில்லை. அவள் அம்மா மேரியக்கா, தான் இறால் உரிக்கும் கொட்டகைக்கே அவளையும் கூட்டிப்போனார். மன்னிப்புக் கேட்கப் போன என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

“நல்லா படிச்சம்மா நீ! மீனு ஏலம் வுடுற மாதிரி எங்க வூட்டு மானத்த மைக்குல கூவிட்டியே. போ.”

மற்ற நான்கு பிள்ளைகளும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் சனிக்கிழமைகளில் போய்ப் பாய் விரித்தேன். யாரும் வரவில்லை. துறைமுகத்து லாரிச் சத்தம் மட்டும் வரும். வீட்டில் சொன்னால், “படிச்ச பொண்ணு, உனுக்குத் தெரியாததா?” என்பார் அம்மா. எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை.

ஜெபித்தேன். முதலில் அதையும் நல்ல தமிழில்தான் ஜெபித்தேன். ஒரு சனிக்கிழமை வார்த்தையே வரவில்லை. காலிப் பாயைப் பார்த்து அழுதேன். “நான் கெடுத்தேன் ஆண்டவரே, நீர் பாரும்” என்றேன். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் ஜெனிபர் எங்கள் வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“யக்கா, அம்மாவுக்கு ஜுரம். நாளைக்கு அப்பாவ மனு பாக்கணும். என்னத் தனியா உள்ள வுட மாட்டாங்க. கூட வர்றியா?”

ஜெயிலில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதைத்தான் மனு பார்ப்பது என்போம். போனோம். சீட்டில் ‘உறவு’ என்ற இடத்தில் என் பேனா நின்றது.

“அக்கான்னு எழுது” என்றாள்.

வரிசை நீளம். திடீரென்று ஜெனிபர் என் கையை இறுக்கினாள். எங்களுக்கு நாலு பேர் முன்னால், தன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ரோசி.

ஜெனிபர் பழிவாங்கப் போகிறாள் என்று பயந்தேன். அவள் என் கையை விட்டுவிட்டு ரோசியிடம் போனாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“உங்க அப்பாவும் இதே கப்பலாடி?”

ரோசி தலையை ஆட்டினாள். அழுதாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது, இரண்டு பேருக்கும். உள்ளே கூப்பிடும்வரை ஒரே பொட்டலத்து வேர்க்கடலையைத் தின்றுகொண்டு நின்றார்கள். நான் தனியாகத்தான் நின்றேன். ஆனால் அன்று அது வலிக்கவில்லை.

திங்கட்கிழமை ஜெனிபர் பள்ளிக்குப் போனாள், ரோசியோடு. சனிக்கிழமை இருவரும் பாயில் வந்து உட்கார்ந்தார்கள். ஜெனிபர் இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். மேரியக்கா இன்னும் என்னிடம் அதிகம் பேசுவதில்லை. பேசும்படி கேட்கும் உரிமையும் எனக்கில்லை.

அந்த வரிசையில் ரோசியைக் கொண்டுவந்து நிறுத்த என் படிப்பால் முடிந்திருக்குமா? இன்று எங்கள் அறையில் ஜெபிக்கும்போது யார் பெயரையும் உரக்கச் சொல்வதில்லை. மனதுக்குள் சொல்கிறோம், அவருக்குக் கேட்கிறது. நீங்கள் கெடுத்துவிட்டதாக நினைத்து அழும் காரியம் ஏதாவது இருந்தால், அதையும் சத்தமில்லாமல் அவரிடம் கொடுத்துப் பாருங்கள். பாயை மட்டும் சுருட்டிவிடாதீர்கள்.