டி-சர்ட்டில் என் மகள்

என் மகளின் இதய அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்ட ஊசுட்டேரியைச் சுற்றி ஓட்டம் நடத்தினார்கள். ஓடிய எல்லோர் டி-சர்ட்டிலும் அவள் முகம். நெகிழ்ந்துபோய் நானும் மூச்சிரைக்க ஓடினேன்.

முடிந்ததும் கரையிலேயே இட்லி கொடுத்தார்கள். வேறு சட்டைக்கு மாறிய ஒருவர், தன் பைக் சீட்டிலிருந்த கொக்கு எச்சத்தை அந்த டி-சர்ட்டால் துடைத்துக் குப்பையில் எறிந்தார். நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

"நல்ல காரியம் சார். பாவம், சின்னப் பொண்ணு. அடுத்த வாட்டியும் வந்துடுங்க" என்றார்.

தலையாட்டிச் சிரித்தேன். பணம் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை. அவர் போனபின் அந்த டி-சர்ட்டைப் பொறுக்கி எடுத்து, ஏரியில் அலசினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகள் கேட்டாள்: "எல்லாரும் என் படத்தப் போட்டுக்கினாங்களாப்பா?"

"ஆமாம்மா. கழட்டவே மனசு வரல அவங்களுக்கு."