வீடு திரும்பும்போது வாய் மூடும் ரேடியோ

மார்லிஸின் காரில் ஆர்விட் பொருத்திக் கொடுத்த சாட்டிலைட் ரேடியோ, அவள் வேலைக்குப் போகும்போது மட்டும்தான் பேசுகிறதாம். வீடு திரும்பும்போது வாயை மூடிக்கொள்கிறதாம். மார்லிஸ் தன் நாத்தனாரிடம் சொல்ல, நாத்தனார் தேவாலயத்துக் காபி மேசையில் சொல்ல, அங்கிருந்து அது கூட்டுறவுக் கடைக்கு வந்து, கல்லாவிலிருந்த பெவ்வின் வாயில் கைகால் முளைத்து நின்றது.

"முப்பது வருஷம் புருஷன் கார்டியோட குடித்தனம் பண்ணினா ரேடியோக்குக்கூட வீட்டுக்கு வர மனசு வராது" என்றாள் பெவ், பால் புட்டியைப் பைக்குள் வைத்தபடி. "ஆனா ஜனங்க என்ன சொல்றாங்க தெரியுமா? நம்ம ஆர்விட்டுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சிருச்சுங்கறாங்க."

ஆர்விட் சிரித்து வைத்தார். முட்டை வாங்க வந்தவர், முட்டையை மறந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

வடக்கே ஏரிக்குள் நீண்டிருக்கும் கீவினா தீபகற்பத்தில் காடும் பனியும்தான் அதிகம். சாதாரண ரேடியோ ஊர் எல்லை தாண்டினால் இரைச்சலாகிவிடும். அதனால் ஆகாயத்திலிருந்து வரும் ரேடியோவைக் காரில் மாட்டித்தரச் சொல்லி ஆர்விட் கெம்பைனனைத் தேடி வருவார்கள். வேலை பார்த்த கடையை மூடிய பிறகு வீட்டுக் கொட்டகையிலேயே தொழிலைத் தொடர்ந்தவர் அவர். ஒரு வயர்கூடக் கண்ணில் படக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். கதவோர ரப்பருக்குள் செருகி, கால்விரிப்புக்கு அடியில் ஓட்டி, குலுங்கிச் சத்தம் போடாதபடி துணிநாடா சுற்றிவிடுவார். முடித்ததும், "வயரைக் கண்டுபிடி, ஒரு பேஸ்டி வாங்கித் தர்றேன்" என்று வாடிக்கையாளரிடம் பந்தயம் கட்டுவார். இதுவரை யாருக்கும் அவர் அந்தக் கறியடைத்த பேஸ்டியை வாங்கித் தந்ததில்லை. வீட்டிலும் இதே கதை. "நீ எனக்கு முன்னாடி போயிட்டா இந்த டிவிக்கு எங்கேருந்து கரண்ட் வருதுன்னு நான் யாரைக் கேக்கிறது?" என்பாள் மனைவி சில்வியா.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மார்லிஸ் வந்தாள். கையில் ஏலக்காய் மணக்கும் நீசு என்ற இனிப்பு ரொட்டி. இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

"ஊரெல்லாம் சொல்லத் தெரியுது, என்கிட்ட சொல்லத் தெரியலையா?"

"சொன்னா மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பே. இந்தா, இப்பவும் அப்படித்தானே வெச்சிருக்கே."

வாசலில் நின்ற காரில் ரேடியோவைத் தட்டினார். கணீரென்று பாடியது. "இந்தா, பாடுதே!"

"உன் வாசல்ல எப்பவும் பாடும்டா ஆர்வி. எனக்கு வேண்டியது என் வாசல் வரைக்கும்."

விரிப்பைக் கிளப்பினார், ரப்பரை உருவினார். சாலையில் கொட்டும் உப்பு எங்காவது வயரை அரித்திருக்கும் என்று பார்த்தார். எல்லாம் புத்தம் புதிதாக இருந்தது. பழுது இருந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும் அவருக்கு. போகும்போது பேசி, வரும்போது ஊமையாகும் வயர் உலகத்தில் உண்டா? "வா, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

தெற்கே, அவள் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்துக்குப் போகும் காட்டுச்சாலை. காருக்கு வெளியே வலதுபக்கக் கண்ணாடி உடைந்து, அதில் ஒட்டுநாடா சுற்றியிருப்பதை அப்போதுதான் கவனித்தார்.

"இது என்ன?"

"கார்டிகிட்ட, பார்க்கிங்ல எவனோ இடிச்சுட்டான்னு சொல்லியிருக்கேன். ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வர்றப்ப கண்ணு சொருகிருச்சு ஆர்வி. பனிக்குவியல் காரை உரசுற சத்தத்துலதான் முழிச்சேன். யாராவது காதுல பேசிக்கிட்டே இருந்தா தூங்க மாட்டேன். அதுக்குத்தானே இந்த ரேடியோவே."

"கார்டிகிட்ட உண்மையைச் சொல்லேன்."

"நாளைக்கே வேலையை விடுன்னு நிப்பான். விட்டா வேலையோட வர்ற இன்சூரன்ஸ் போச்சு. அவன் இதயத்துக்கு வைத்தியம் யார் பாக்கிறது, நீயா?"

ரேடியோ பேசிக்கொண்டே வந்தது. "திருப்பு" என்றார் ஆர்விட். கார் வடக்கே திரும்பியதும் பேச்சு பாதி வார்த்தையில் அறுந்தது. "மறுபடி திருப்பு." உயிர் வந்தது.

வழியிலிருந்த லூத்தரன் தேவாலயத்தின் வெற்று வளாகத்துக்குள் காரை விடச் சொன்னார். "வட்டமா ஓட்டு, மெதுவா." பாட்டு வந்தது, போனது, வந்தது. ஆர்விட் தலையை வெளியே நீட்டி வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவாலயத்துச் சமையலறை ஜன்னலில் மூன்று தலைகள் முளைத்தன.

"போதும்டா! நாளைக்கு பெவ் கடையில நாம ரெண்டு பேரும் கல்யாணமே பண்ணியிருப்போம்."

"இன்னும் ஒரு சுத்து, மார்லிஸ்!"

அவருக்குப் பிடிபட்டுவிட்டது. சாட்டிலைட் இருப்பது தெற்கு வானத்தில், அதுவும் தாழ்வாக. கார் தெற்கே பார்த்தால் முன்கண்ணாடி வழியே அது ஆண்டெனாவுக்குத் தெரியும். வடக்கே திரும்பினால் காரின் இரும்புக்கூரை நடுவில் வந்து மறைக்கும். முதலில் கூரைமேல்தான் ஆண்டெனா வைத்தார். டிசம்பரில் கார்டி பனியைத் தள்ளுகிறேன் என்று துடைப்பத்தால் அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டான். அதன்பிறகுதான் டாஷ்போர்டுக்கு அடியில் ஒளித்தார். சோதித்துப் பார்த்ததெல்லாம் தன் வாசலில். அந்த வாசலில் எந்தக் காரும் தெற்கே பார்த்துத்தான் நிற்கும். கை நடுங்கவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, காரைத் திருப்பி நிறுத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

"மறுபடி கூரைமேல வெச்சிரவா?"

"கார்டி உயிரோடதான் இருக்கான். துடைப்பமும் இருக்கு."

"அப்ப பின்னாடி ஜன்னல் கண்ணாடிக்குக் கீழ ஒளிக்கிறேன். வரும்போது பேசும். போகும்போது பேசாது. ரெண்டும் கேக்காதே."

"போகும்போது எனக்குக் காபி இருக்கு. தலைமை நர்ஸ் மேல கோபமும் இருக்கு. வரும்போதுதான் ஒண்ணுமே இல்ல."

அன்று மாலைக்குள் ஆண்டெனாவையும் வயரையும் பின்னால் கொண்டுபோய்விட்டார். இந்தமுறை காரை அவரே ஊர் எல்லைவரை இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தார்.

திங்கட்கிழமை இரவு அவள் வேலைக்குப் போனாள். காலையில் திரும்பும்போது ஆர்விட் வீட்டைத் தாண்டுகையில் ஹாரன் அடிப்பதாக அவரிடம் சொல்லியிருந்தாள். செவ்வாய் காலை காபிக் கோப்பையோடு ஜன்னலோரம் நின்றார். பள்ளிப் பேருந்து போனது. பனி அள்ளும் வண்டி போனது. அவள் வரவேண்டிய நேரம் தாண்டியும் வேறெதுவும் வரவில்லை.

"ஜன்னல் தேஞ்சிரப்போகுது. வழியில பெட்ரோல் போட நின்னிருப்பா" என்றாள் சில்வியா.

அவளிடமும் அவர் அந்தக் கண்ணாடி உடைந்த விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. போனை எடுத்து மார்லிஸின் எண்ணைத் தட்டினார். காட்டுக்குள் இருந்தால் மணியே அடிக்காது, நேராகப் பதிவுக்குரல்தான் வரும். இப்போது மணி அடித்தது. காட்டைத் தாண்டி மேட்டில் ஏறியிருக்கலாம். போனை முதியோர் இல்லத்திலேயே மறந்து வைத்திருக்கலாம். ரேடியோவைச் சத்தமாக வைத்திருக்கலாம்.

"எடுக்கிறாளா?"

ஆர்விட் போனைக் காதோடு அழுத்தி, தெற்கே வளையும் சாலையைப் பார்த்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.