தங்கச்சியின் பிரெஞ்சு

ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் குடியிருந்த யூஜினிக்கு ஒரு பேக்கரியில் வேலை. 1997 கோடையில் கனடா பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் மொரோக்கோவுக்கு விமானம் ஏறினாள். பாரிசில் இருந்த தங்கச்சி மெற்றில்டாவைக் கண்டு பத்து வருஷம். மெற்றில்டாவின் சிநேகிதிக்கு மராக்கேஷில் ஒரு வீடு இருந்தது. அங்கே சந்திப்பதென்று போனில் பேசி முடித்தார்கள்.

சின்ன வயதில் கடைக்காரன் பெயர் கேட்டால்கூட அக்காவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவள் மெற்றில்டா. இப்போது டாக்சிக்காரனோடும் தோடம்பழச் சாறு விற்பவனோடும் பிரெஞ்சில் வெளுத்து வாங்கினாள். யூஜினியின் இங்கிலீசுக்கு அங்கே மதிப்பில்லை. அக்காவுக்குப் பசிக்கிறது, அக்காவுக்குக் கால் நோகிறது என்று எல்லாவற்றையும் தங்கச்சியே ஊருக்குச் சொன்னாள். யூஜினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மெனாரா தோட்டத்துக்குப் போனார்கள். எண்ணூறு வருஷத்துக்கு மேற்பட்ட தோட்டம். பெரிய குளம், சுற்றிவர ஒலிவ மரங்கள். காவல்கார முதியவர் ஏதோ சொல்ல மெற்றில்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னவாம்?"

"உங்களுக்கு விளங்காது அக்கா, பிறகு சொல்லுறன்."

யூஜினி விறுவிறென்று மரங்களுக்குள் நடந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மரம். வாசல் எதுவென்று இரண்டு பேரிடம் இங்கிலீசில் கேட்டாள். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். கண் கலங்கியது.

"அக்கா!" மெற்றில்டா மூச்சிரைக்க ஓடி வந்தாள். "ஏன் சொல்லாமல் வந்தனீங்கள்?"

"ஆரிட்டைச் சொல்லுறது? இங்கை வாய் உனக்கு மட்டும்தானே."

மெற்றில்டா தன் முகத்து வியர்வையைத் துடைத்தாள். "நீங்கள் ஹைவேயிலை கார் ஓடுறன் எண்டு சொன்ன அண்டைக்கு நான் சாப்பிடேல்லை, தெரியுமோ? நான் இன்னும் மெற்றோ ரெயினிலை இடிபடுறன். அவ்வளவு எரிச்சல்."

யூஜினிக்கு நெஞ்சு லேசானது. "உண்மையாவோ?"

"ஓம். அந்த ஐயா என்ன கேட்டவர் தெரியுமோ? உங்கட அக்கா மகாராணியோ, ஒருத்தரோடையும் கதைக்கிறா இல்லை எண்டு."

யூஜினி சிரித்தாள்தான். ஆனாலும் எரிச்சல் முழுக்கப் போகவில்லை. ரொறன்ரோ திரும்பியதும் அஜின்கோர்ட்டில் ஒரு சனிக்கிழமை வகுப்பில் பிரெஞ்சு படிக்கச் சேர்ந்தாள். குளிர்காலம் முடிவதற்குள் போனில் தங்கச்சியோடு பிரெஞ்சிலேயே பேசிப் பார்த்தாள்.

மெற்றில்டா திகைத்தாள். "அக்கா, உது என்ன பிரெஞ்சு? எனக்குப் பாதி விளங்கேல்லை."

"எங்கட ரீச்சர் கியூபெக்காரி. இது கனடாப் பிரெஞ்சு," என்றாள் யூஜினி. "உனக்கு விளங்காது. பிறகு சொல்லுறன்."