கறவை நேரத்தில் வருகிறவர்

எனக்குக் கரண்டைச் சொல்லிக்கொடுத்தது மோட்டார் சைக்கிள்தான். படிப்பு எட்டாவதோடு நின்றது. மில்லுக்குப் போனேன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று கைக்கு வந்தது. மழை பெய்தால் நிற்கும். ஹாரன் அடித்தால் இண்டிகேட்டர் எரியும். மெக்கானிக் சலித்துப்போனார். நானே பிரித்தேன்.

பல்புக்கு ஒரு வயர்தான் போனது. இன்னொன்றைத் தேடினேன். இல்லை. போன கரண்ட் திரும்பி வர வழி வேண்டுமே. பாதி நாள் தலையைச் சொறிந்த பிறகு புரிந்தது. வண்டியின் இரும்புதான் இன்னொரு வயர். ஒரு வயரில் போகிறது, இரும்பு வழியாகத் திரும்புகிறது. பாடி எர்த் என்பார்கள். அதைத் தெரிந்துகொண்ட பின் கொஞ்ச நாள் வண்டியில் உட்காரவே ஒரு மாதிரி இருந்தது. தொடைக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் இருக்கிறது.

அன்று பிடித்தது விடவில்லை. சிங்காநல்லூரில் வீடு கட்டியபோது வயரிங் முழுக்க நானே இழுத்தேன். இன்வெர்ட்டர், டைமர், ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு என்று ஒவ்வொன்றாக மாட்டினேன்.

"குடியிருக்க ஊடு கட்டுனீங்களா, கரண்டு ஆபீசு கட்டுனீங்களா?" என்று கேட்டாள் வீட்டுக்காரி.

அந்தத் தானாக எரியும் விளக்கு சில சமயம் ஆள் இல்லாமலும் எரியும். "யாருங்க அது?" என்பாள். "பல்லி" என்பேன். பல்லியை நான் பார்த்ததில்லை.

என் அக்கா கோபிக்குப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறாள். மச்சான் போன ஆடியில் தவறிவிட்டார். பொழுது சாயும் நேரம், கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தவர் அப்படியே மாட்டின் மேல் சாய்ந்தார். அதற்குப் பிறகு அக்கா தனியாகத்தான் இருக்கிறாள். மகள் திருப்பூரில். கூப்பிட்டும் போகவில்லை.

பங்குனியில் அந்த மகள் எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, அம்மா போர் பைப்புகிட்ட நின்னு பேசீட்டிருக்குதுங்க."

"யாருகிட்ட?"

"அப்பாகிட்டயாம். நீங்க ஒருக்கா போய்ப் பாருங்க மாமா. அம்மாளுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாதுங்க."

வண்டியை எடுத்தேன். அவிநாசி, நம்பியூர் வழியாகப் போனேன். வெயில். வண்டியின் பக்கப் பெட்டியில் டெஸ்டரும் மீட்டரும் எப்போதும் கிடக்கும். இதற்கென்று எடுத்துப் போகவில்லை.

அக்கா நன்றாகத்தான் இருந்தாள். சோறு போட்டாள். வெயிலைத் திட்டினாள். என் தலையில் முடி போனதைச் சொல்லிச் சிரித்தாள். நானாகக் கேட்கவில்லை. கை கழுவும்போது அவளே சொன்னாள்.

"பொழுதோட வரைக்கும் இரு கண்ணு. கறவை நேரத்துக்கு மச்சான் வருவாரு."

தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கிற குரலில் சொன்னாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தேன்.

இருந்தேன். வெயில் சாய்ந்தது. அக்கா மாட்டை அவிழ்த்துத் தொட்டிக்கு ஓட்டினாள். ஒரே மாடு. தொட்டி போர்க் கிணற்றை ஒட்டி இருக்கிறது. போரின் இரும்புக் குழாய் அதன் பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. மாடு தொட்டி வரை வந்தது. மூக்கை நீட்டியது. முன்காலைத் தூக்கிப் பின்னால் வைத்தது. காதை விடைத்துக்கொண்டு அப்படியே பின்வாங்கியது. நல்ல தாகம் இருந்திருக்க வேண்டும். நாக்கு வெளியே இருந்தது.

"இந்நேரத்துல தண்ணி குடிக்க மாட்டீங்குது. அதுக்கும் தெரியுது" என்றாள் அக்கா.

வீட்டுக்குள் பார்த்தேன். சாமி படத்துக்கு முன்னால் ஒரு குண்டு பல்பு எப்போதும் எரியும். அது மெதுவாக மங்கியது. அணையவில்லை. யாரோ முன்னால் வந்து நின்று மறைத்ததுபோல் மங்கி, அப்படியே நின்றது.

"வந்துட்டாரு" என்றாள்.

சேலையைச் செருகிக்கொண்டு ஈர மண்ணில் வெறுங்காலோடு போய் நின்றாள். குழாயின் மேல் உள்ளங்கையைப் பதித்தாள். கண்ணை மூடினாள். பேச ஆரம்பித்தாள். தேங்காய் இறக்கியாச்சு. வாழைக்குத் தண்ணி கட்டியாச்சு. தம்பி வந்திருக்கிறான். அவ்வளவுதான். சின்னச் சின்னச் சேதி.

"நீயும் வையி" என்றாள் என்னிடம். கரண்ட் வேலை தெரிந்தவன் எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பான்.

புறங்கையை வைத்தேன். ஒன்றும் இல்லை.

"செருப்போட வந்தா அவரு வர மாட்டாரு. கழட்டு."

கழற்றினேன். மண் குளுகுளுவென்றிருந்தது. புறங்கையை வைத்தேன்.

விரலைப் பிடித்து யாரோ லேசாக இழுத்தார்கள். சுள்ளென்று அடிக்கவில்லை. நடுங்கும் கை ஒன்று என் கையைப் பற்றிக்கொண்டதுபோல் இருந்தது. மச்சானுக்குக் கடைசிக் காலத்தில் கை நடுங்கும். எனக்கு அது நினைவு வந்தது. வரக் கூடாது என்று நினைத்தேன். வந்தது.

"மொதல்ல மெல்லமாத்தான் இருந்துது. கார்த்திகையில கொஞ்சந்தான். இந்தக் கோடையில கை பலமாயிருச்சு" என்றாள்.

கரண்ட் கசிகிறது. அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த சங்கதி. வீட்டுக்குள் போய் மெயினை ஆஃப் செய்தேன். பல்பு அணைந்தது. ஃபேன் நின்றது. திரும்பி வந்து குழாயில் புறங்கையை வைத்தேன்.

இருந்தது.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "சுச்சை அமுத்துனா போறதுக்கு அவரென்ன ஃபேனா?"

இத்தனை வருசத்தில் மெயினை அணைத்த வீட்டில் நான் பயந்ததில்லை. அன்று முதுகில் வேர்வை ஆறிப்போனது.

குழாயின் அடியில் மண்ணை ஒதுக்கினேன். ஒரு வயர் கட்டியிருந்தது. சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, மேலே இறுக முறுக்கி, முனையை உள்ளே மடித்த கட்டு. மச்சான் எதையும் அப்படித்தான் கட்டுவார். கயிறானாலும் சரி, வேலியானாலும் சரி. எங்கள் பக்கம் தோட்டத்து வீடுகளில் இது வழக்கம். லைட் மங்கினால் லைன்மேனுக்குக் காத்திருக்க மாட்டார்கள். வீட்டு நியூட்ரலில், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயரில், இன்னொரு வயரை இழுத்துப் போர்க் குழாயில் கட்டிவிடுவார்கள். மண்ணே நியூட்ரல் ஆகிவிடும். லைட் பளிச்சென்று எரியும். கட்டியதை அப்புறம் மறந்துவிடுவார்கள். மச்சானும் கட்டியிருக்கிறார்.

செருப்பை மாட்டிக்கொண்டு வயரைக் கையில் எடுத்தேன். மறு கையால் குழாயைப் பிடித்து அவிழ்க்கப் போனேன். ஏனோ முதலில் மீட்டரைக் கவ்வவிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. வயரைக் கவ்வினாலே எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும் அந்த மீட்டரை வண்டிப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து மாட்டினேன். மளமளவென்று எண் ஏறியது. ஒரு மோட்டார் இழுக்கிற அளவு. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை.

கையை எடுத்தேன். பின்னால் நகர்ந்தேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் ஏதோ மெஷின் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்னக்கா?"

"பங்காளி கறவை மெசினு வாங்கிப்போட்டாரு. கையில கறக்க இப்பெல்லாம் யாரு இருக்கறாங்க?"

வேலியைத் தாண்டிப் போனேன். பங்காளி என்பவர் மச்சானுக்குப் பெரியப்பா மகன். மாடுகளுக்கு நடுவில் நின்றிருந்தார். என் கையில் மீட்டரைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்.

"ஏனுங் மாப்ள, கோயமுத்தூர்ல மீட்டர் வெச்சுத்தான் பேய் புடிக்கறீங்களா?"

"கொஞ்சம் மெசினை நிறுத்துங்க."

"எருமை ஒதைச்சா நீங்க வாங்கிக்குவீங்களா?"

"நிறுத்துங்க மச்சான்."

என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். நான் வேலியோரம் நின்று அக்காவைப் பார்த்தேன். அவள் குழாயிலிருந்து கையை எடுத்தாள். உள்ளங்கையைப் பார்த்தாள்.

"போடுங்க" என்றேன். மெஷின் ஓடியது. அக்கா மறுபடி குழாயில் கையை வைத்தாள்.

"நிறுத்துங்க."

எடுத்தாள். என் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"ஏன்டா கண்ணு, இன்னிக்கு வந்து வந்து போறாரு? மேலுக்குச் சொகமில்லையா அவருக்கு?"

பங்காளி அதற்கப்புறம் சிரிக்கவில்லை. மாட்டின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றார்.

எனக்கு விசயம் பிடிபட்டது. கம்பத்து லைனில் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீடுகளுக்குப் போகும் கரண்டுக்குத் திரும்ப வழி இல்லை. அக்கா வீட்டு நியூட்ரல் வழியாக வந்து, மச்சான் கட்டிய வயரில் இறங்கி, போர்க் குழாய் வழியாக மண்ணுக்குள் போகிறது. பழைய மெயின் நியூட்ரலை அறுக்காது. அதனால்தான் அணைத்தும் நிற்கவில்லை. மண் காயக் காயக் கரண்டை வாங்கும் சக்தி அதற்குக் குறையும். குழாயில் தங்குவது கூடும். கோடையில் கை பலமானது அப்படித்தான். வண்டிக்கு இரும்பு எப்படியோ, அந்தப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அக்கா வீட்டுக் குழாய் அப்படி. அந்த வயரை நான் அவிழ்த்திருந்தால், ஒரு கையில் வயரும் மறு கையில் குழாயுமாக இருந்த என் நெஞ்சு வழியாகத்தான் அத்தனையும் திரும்பியிருக்கும்.

அக்காவிடம் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியாது எனக்கு.

"அக்கா, அது கரண்டு."

"தெரியும்."

"தெரியுமா?"

"தோட்டத்துக்காரி கரண்டுல அடி வாங்காம இருப்பாளா? கரண்டுன்னு தெரியாதா எனக்கு? வர்றவரு எதுல வந்தா உனக்கென்ன?"

"கோடை முத்துனா இன்னும் கூடும். ஒரு நாளைக்குப் புடிச்ச கை விடாது. செத்துப்போவக்கா."

"செரி. இட்லி சாப்புடறயா, தோசை ஊத்தட்டுமா?"

அவ்வளவுதான் பேச்சு. பயமே இல்லை அவளுக்கு. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மகளுக்குப் போன் செய்தேன். கண்ட விசயத்தைச் சொல்லவில்லை. "பார்த்துக்கிறேன்" என்றேன்.

மறுநாள் பகலில் லைன்மேன் வந்தார். இளவட்டம். லைனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கம்பத்துக்குக் கம்பம் பார்த்தார். தென்னந்தோப்பு ஓரக் கம்பத்தில் ஏறினார். ஐப்பசிக் காற்றில் விழுந்த தென்னை மட்டை ஒன்று அங்கே கம்பியில் தொங்கி மக்கியிருந்தது. அதன் நாருக்குள் நியூட்ரல் விட்டுக் கிடந்தது.

"ஏனுங்ணா, இது அத்துக் கெடக்குது. இத்தன நாளா எப்புடிங்ணா லைட்டு எரிஞ்சுது?" என்று மேலிருந்து கேட்டார்.

"எரிஞ்சுது" என்றேன்.

இழுத்துக் கட்டினார். லைன் வந்தது. குழாய் வயரில் மீட்டரைக் கவ்வவிட்டேன். கொஞ்சமாக இருந்தது. சொச்சம் இங்கே, மீதியெல்லாம் லைனில். இனி அவிழ்த்தால் ஆபத்து இல்லை. இருந்தாலும் லைனை இன்னொரு தரம் நிறுத்தச் சொன்னேன். அக்கா மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கப் போயிருந்தாள். அவள் போகட்டும் என்றுதான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தால் விட மாட்டாள்.

மச்சானின் கட்டு லேசில் அவிழவில்லை. முனை எங்கே என்றே தெரியவில்லை. அறுக்க மனம் வரவில்லை. நகத்தால் நெம்பி நெம்பித்தான் எடுத்தேன். அவிழ்ந்த பிறகும் அந்தக் கம்பி சுருண்ட வாக்கிலேயே நின்றது.

லைன் வந்தது. குழாயில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. மீட்டர் பூஜ்யம் காட்டியது. புறங்கையை வைத்தேன். வெயிலில் சுட்ட இரும்பு. வேறு ஒன்றும் இல்லை.

பொழுது சாய்ந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓட ஆரம்பித்தது. சாமி முன்னால் பல்பு மங்கவில்லை. மாடு தொட்டிக்கு வந்தது. மூக்கை நீட்டியது. வாயை வைத்து உறிஞ்சியது. உறிஞ்சிக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான் கேட்டது.

அக்கா செருப்பைக் கழற்றினாள். ஈர மண்ணில் நின்றாள். குழாயில் உள்ளங்கையைப் பதித்தாள்.

நான் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை.

கையை எடுத்து முந்தானையில் துடைத்தாள். மறுபடி வைத்தாள். கொஞ்சம் தள்ளி வைத்தாள். இரண்டு கையையும் வைத்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கழட்டிப்போட்டயா?"

"ஆமாக்கா."

திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை.

"செரி, நல்லதுக்குத்தான் செஞ்சிருப்ப. ஒரு வார்த்த சொல்லீட்டுக் கழட்டியிருக்கலாமல்ல கண்ணு. நேத்து கட்டுத்தரைக்கு ஓடு மாத்தறதப் பத்திப் பேச்சு எடுத்தேன். பாதியில நிக்குது."

மீட்டரைப் பக்கப் பெட்டியில் வைத்து மூடினேன்.

அவள் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மெல்லப் பேசினாள். எந்த ஓடு, யாரைக் கூப்பிடுவது, மழைக்கு முன்னாலா பின்னாலா என்று. முழுதாகப் பேசி முடித்தாள். மெஷின் நிற்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.