ஸ்டிக்கைத் துடைத்த துணி

நான் எவரையும் லேசில் மன்னிக்கிற ஆள் இல்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, இருக்கிறதைச் சொல்கிறேன். என் கை பட்ட ஒரு பொருளை ஒருவன் என் கண் முன்னாலேயே துடைத்தான். அதற்காக அவனை ஒன்றரை வருடம் கறுவிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். குருவிட்ட என்ற சின்ன டவுனுக்கு மேலே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். மழை பெய்து மரப்பட்டை நனைந்துவிட்டால் பால்வெட்டு கிடையாது. எங்கள் பக்கம் மழைக்குப் பஞ்சமே இல்லை என்பதால் அப்படிப்பட்ட நாள்கள் நிறைய வரும். அப்படி ஒரு நாளில் அண்ணனோடு டவுனுக்குப் போய், பஸ் வரும்வரை மழைக்கு ஒரு வீடியோ கடையில் ஒதுங்கினோம். எங்கள் தமிழ் ஆள் ஒருவரின் கடைதான். முன்பக்கம் படக் கேசட்டுகள். பின்பக்கம் ஒரு டீவியும், அதில் மாட்டிய சண்டை விளையாட்டும், முன்னால் இரண்டு ஸ்டூல்களும்.

டீவி கேம் நடக்கிற இடத்தில் பொம்பளைப் புள்ளைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்திலும் கேட்டார்கள். எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான். திரையில் இரண்டு பேர் மோதுவதைக் கால் மணி நேரம் பார்த்தேன். அதற்குள் எவன் எப்போது குதிப்பான், எவன் எப்போது உதைப்பான் என்று எனக்குப் பிடிபட்டுவிட்டது. இடதுபக்க ஸ்டூல் காலியானதும் போய் உட்கார்ந்தேன்.

அந்தப் பக்கத்தில்தான் ஸ்டிக் இருந்தது. கறுப்புப் பெட்டி, மேலே நட்டமாக ஒரு கம்பி, கம்பியின் தலையில் சிவப்பு உருண்டை, பக்கத்தில் ஆறு பொத்தான்கள். வலதுபக்க ஸ்டூலுக்கு இரண்டு கையாலும் ஏந்திப் பெருவிரலால் அமுக்கிற சாதாரண பேட். நான் அந்தச் சிவப்பு உருண்டையில் கையை வைத்ததுதான் தாமதம், கடைக்காரரின் மகன் எழுந்து வந்தான். என் வயதுதான் இருக்கும். சிரித்த முகம். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

"தங்கச்சி, அத விடுங்க. பால் வெட்டுற கைதானே. நாறும். நீங்க பேட்ட எடுங்க."

சொல்லிவிட்டு ஆணியில் தொங்கிய ஒரு துணியை எடுத்தான். வீடியோ டெக்கின் ஹெட்டைத் துடைக்க ஸ்பிரிட்டில் நனைத்து வைத்திருப்பார்களே, அந்தத் துணி. அதால் உருண்டையைச் சுற்றிச் சுற்றித் துடைத்தான். சுவரோரம் நின்ற சிங்களப் பையன்கள் சிரித்தார்கள். அதில் ஒருவன் மூக்கைப் பொத்திக் காட்டினான். அந்தக் கையை நான் காலையில் எலுமிச்சம்பழம் போட்டு ஒரு தடவை, சவுக்காரம் போட்டு நாலு தடவை தேய்த்திருந்தேன்.

வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு வலதுபக்கம் போய் பேட்டை எடுத்தேன். பஸ்ஸில் வரும்போது எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டேன். அவனை அவன் கடையில் வைத்தே தோற்கடிக்க வேண்டும். பிறகு அதே துணியை எடுத்து நீட்டி, "தொடச்சிக்கங்க, நாறும்" என்று சொல்ல வேண்டும். அவன் அதை வாங்கி, அத்தனை பேர் முன்னாலும் தன் கையைத் துடைக்க வேண்டும். இது நடக்காமல் எனக்குத் தூக்கம் இல்லை என்று இருந்தேன்.

அந்தக் கடையில் தோற்றவர் எழும்ப வேண்டும், ஜெயித்தவர் அப்படியே இருக்கலாம். கடைக்காரரின் மகன் கல்லாவை விட்டு வந்து உட்கார்ந்தால், தோற்று எழும்பி நான் பார்த்ததே இல்லை. மழை நாள்களில் அண்ணனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவேன். பேட்டிலேயே பழகினேன். எங்கள் தோட்டத்துப் பையன்களை முதல் மாதமே தோற்கடித்தேன், கடைவீதிப் பையன்களை மூன்று மாதத்தில். மூக்கைப் பொத்திக் காட்டினவனை ஒரே நாளில் ஐந்து தடவை எழுப்பிவிட்டேன். அவன் ஆறாவது தடவை கை கூப்பிவிட்டு, "நங்கி, ஹரி ஷோக்!" என்று சிரித்தான். தங்கச்சி, பிரமாதம் என்று அர்த்தம். அவனை அன்றைக்கே மன்னித்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், கொஞ்சம் நாள் எடுத்தது.

ஆனால் கடைக்காரரின் மகனை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரையில் நம் ஆள் நெருப்பை வீச வேண்டுமென்றால், கீழே, கோணல், முன்னே என்று ஒரே இழுப்பில் திருப்ப வேண்டும். பேட்டில் இதை இடது கையின் பெருவிரல் மட்டும் செய்ய வேண்டும். என் இடது கை விடிந்ததிலிருந்து வாளி தூக்குகிற கை. அதன் பெருவிரல் மரக்கட்டை. இரண்டாவது சுற்றுக்குள் தோல் உரிந்துவிடும், மூன்றாவது சுற்றில் வியர்வையில் வழுக்கும். அவனோ ஸ்டிக்கை இரண்டு விரலால் பிடித்து மணிக்கட்டை மட்டும் அசைப்பான்.

"பேட்டுக்கு இவ்ளோதாங்க ஏலும்," என்பான் ஒவ்வொரு தடவையும், சிரித்துக்கொண்டே. நாசமாப் போறவன், அந்தச் சிரிப்பை மட்டும் அவன் விட்டதே இல்லை.

ஒரு காலையில் மரத்தில் கத்தியை வைத்தபோது சட்டென்று உறைத்தது. பட்டையை மேலிருந்து கீழே கோணலாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். ஆழம் ஒரே அளவில் இருக்க வேண்டும், கட்டைக்குக் காயம் பட்டால் கங்காணி கத்துவார். அதைச் செய்வது விரல் அல்ல, மணிக்கட்டு. அவன் கடையில் செய்வதும் இதைத்தானே! தினம் இருநூறு மரத்தில் இதே இழுப்பை இழுக்கிறவள் நான். எனக்கு ஸ்டிக்தான் வேண்டும், பேட் இல்லை.

"அடியே, ஒனக்குக் கிறுக்குதான் புடிச்சிருக்கு," என்றான் அண்ணன். அவன் தோட்டத்து ரப்பர் பேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிற வேலையில் இருந்தான். வயருக்கு ஈயம் வைத்து ஒட்டத் தெரியும். "பேட்டுலயே பழகு. ஸ்டிக்கெல்லாம் சும்மா ஸ்டைலு."

"ஸ்டைலு இல்லண்ணே. வெரலு வேற, மணிக்கட்டு வேற. ஒனக்கு வெளங்காது. செஞ்சி குடுப்பியா, மாட்டியா?"

திட்டிக்கொண்டேதான் செய்தான். ஒரு உடைந்த பேட்டை எங்கிருந்தோ கொண்டுவந்து பிரித்து, உள்ளே இருந்த பச்சைத் தகட்டிலிருந்து வயர் எடுத்தான். பெட்டி ரப்பர் மரப் பலகையில். கம்பி பழைய குடையினுடையது. கம்பி சாய்ந்தால் தொடுகிற மாதிரி நாலு பக்கமும் பிஸ்கட் டின்னின் தகடு, கம்பியைத் திரும்ப நிமிர்த்த சைக்கிள் டியூப் துண்டு. பொத்தான்களுக்கு வாசல் பெல் அமுக்கிற சுவிட்ச். கம்பியின் தலைக்கு மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை. மரத்தின் வெட்டில் காய்ந்து படிகிற ஒட்டுப்பாலை இழை இழையாக உரித்து, லயத்துப் பிள்ளைகள் பந்து சுற்றுவது போலச் சுற்றி உருட்டினேன். கை சூட்டுக்கு அது நாறும். லேசுப்பட்ட நாற்றம் இல்லை.

"உவ்வே! அது மேல வேற எதயாவது மாட்டு," என்றான் அண்ணன்.

"நாறட்டும்," என்றேன்.

எல்லாம் முடிந்து கடைசி வயரையும் ஒட்டிய பிறகுதான் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். பெட்டியில் எதை எங்கே வைப்பது என்று அவன் கேட்டபோது, நான் கை விழுந்த இடத்தைத் தொட்டுக் காட்டியிருந்தேன். கத்தி பிடிக்கிற கை வலது கை, அதனால் ஸ்டிக் வலது பக்கம், பொத்தான்கள் இடது பக்கம். உலகத்தில் எல்லா ஸ்டிக்கும் அதற்கு நேர்மாறு. அவன் மணிக்கட்டைக் கவனித்தேனே தவிர, அது எந்தக் கை என்று நான் கவனிக்கவில்லை. அந்த ஸ்டூலில் என்னை ஒழுங்காக உட்காரவிட்டிருந்தால்தானே எனக்குத் தெரிந்திருக்கும்!

"அய்யய்யோ, கை மாறிப்போச்சேடி. பிரிச்சித் திருப்பி வைக்கவா?"

"வேணாம். என் கைக்கு இதுதான் சரி."

வீட்டில் டீவி கேம் கிடையாது. அதனால் அண்ணன் நாலு டோர்ச் பல்பை நாலு தகட்டுக்கும் கொடுத்து ஒரு பேட்டரியில் சேர்த்தான். கீழே இழுத்தால் ஒரு பல்பு, கோணலில் இரண்டு, முன்னே தள்ளினால் அடுத்தது. ஒன்றையும் விடாமல் வரிசையாக எரிந்தால் சரி. மழை கூரைத் தகரத்தில் கொட்டும், நான் பல்பைப் பார்த்து இழுத்துக்கொண்டிருப்பேன். நூற்றில் பத்துத் தடவை எரிந்தது, பிறகு ஐம்பது, பிறகு விடாமல் எரிந்தது. பால் வெட்டும்போது மரத்தைப் பார்த்து, "தொடச்சிக்கங்க, நாறும்" என்றும் சொல்லிப் பழகினேன். குரல் நடுங்கக்கூடாது, ரொம்பச் சத்தமாகவும் இருக்கக்கூடாது, அவனைப் போலவே மரியாதையாக இருக்க வேண்டும். அதுதான் விளையாட்டைவிடக் கஷ்டமாக இருந்தது.

பிறகு ஒரு மழை நாளில், பகல் பதினொரு மணி போல, பெட்டியை உரப்பையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினோம். நான் அதை வெளியே எடுத்ததும் கடையே சிரித்தது. ஸ்டிக் வலது பக்கம் இருப்பதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். கடைக்காரரின் மகன் சிரிக்கவில்லை, புன்னகைத்தான். எனக்கு அது அதைவிட எரிச்சல்.

முதல் சுற்றில் மானம் போனது. ஒரு தகடு வளைந்து ஒட்டிக்கொண்டு, என் ஆள் சும்மா பின்னால் பின்னால் நடந்து அடி வாங்கிச் செத்தான். அண்ணன் குனிந்து பெட்டியின் அடிப்பலகையைத் திறந்து நிமிர்த்திக் கொடுத்தான். இரண்டாவது சுற்றில் நான் திரையைப் பார்க்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும், என் கை மரத்தில் இருந்தது. கீழே, கோணல், முன்னே. நெருப்பு போனது. அவன் குதித்தான், இறங்குகிற இடத்தில் இன்னொன்று காத்திருந்தது. அந்தச் சுற்று எனக்கு. மூன்றாவதில் அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரு அடி தாங்குகிற உயிர்தான் மிச்சம். அவன் தள்ளி நின்று யோசித்தான். நான் யோசிக்கவில்லை, இழுத்தேன்.

பையன்கள் கூரை அதிரக் கத்தினார்கள். மூக்கைப் பொத்தினவன்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

கடைக்காரரின் மகன் ஸ்டூலை விட்டு எழும்பினான். நேராக என் பெட்டியிடம் வந்தான். "இது என்னாத்துல செஞ்சதுங்க?" என்று கேட்டுக்கொண்டே உருண்டையைப் பிடித்து அமுக்கினான். பிறகு விரலை மூக்குக்குக் கொண்டுபோனான். அவன் முகம் போன போக்கை அத்தனை பேரும் பார்த்தார்கள். இதைவிட நல்ல நேரம் வராது. எழும்பிப் போய் ஆணியில் இருந்த அந்தத் துணியை எடுத்து அவன் முன்னால் நீட்டினேன்.

"தொடச்சிக்கங்க," என்றேன். "நாறும்."

குரல் நடுங்கவில்லை. அவன் துணியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். ஞாபகம் வந்துவிட்டது என்று அவன் காது சிவந்ததிலேயே தெரிந்தது. துணியை வாங்கினான். நான் அவன் விரல்களையே பார்த்தேன்.

அவன் கையைத் துடைக்கவில்லை. குனிந்து என் உருண்டையைத் துடைத்தான். அன்றைக்குச் செய்தது போலவே சுற்றிச் சுற்றி, பொறுமையாக.

"நான் தொட்டுட்டேன்ல, தங்கச்சி," என்றான். "மன்னிச்சிக்கங்க." துணியைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டு, நாறுகிற கையோடேயே ஸ்டூலை விட்டு விலகி நின்றான்.

படுபாவி. ஒருத்தரும் சிரிக்கவில்லை. அண்ணன்கூட அவனைப் பரிதாபமாகப் பார்த்தான். நான் ஒன்றரை வருடம் காத்திருந்தது அவன் வெட்கத்தோடு தன் கையைத் துடைப்பதைப் பார்க்க, இல்லாவிட்டால் கோபத்தில் துணியை விட்டெறிவதைப் பார்க்க. எறிந்திருந்தால் என்ன சொல்ல வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். இவனை யார் மன்னிப்புக் கேட்கச் சொன்னது?

பஸ்ஸில் அண்ணன், "அதான் ஜெயிச்சிட்டியே, அப்பறம் ஏன் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கே?" என்றான்.

"அவன் ஏண்ணே அப்படிச் செஞ்சான்?"

"வேற என்னா செய்யச் சொல்றே அவன?"

அதற்குப் பிறகு அந்தக் கடைக்கு நான் போகவில்லை. பெட்டி லயத்துப் பிள்ளைகள் கைக்குப் போய், பல்பெல்லாம் உடைந்து, கடைசியில் அடுப்புக்குப் போனது. உருண்டையை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். இப்போதும் எடுத்து மோந்து பார்த்தால் ஸ்பிரிட் வாசம் துளியும் இல்லை, ஒட்டுப்பால்தான் நாறுகிறது. துடைத்ததற்காக அவனை எப்போதோ மன்னித்திருப்பேன். மன்னிப்புக் கேட்டதற்காக இன்னும் மன்னிக்கவில்லை.