தையல் வெளியே தெரியற யூனிபார்ம்

தையல் தொழில்ல ஊசி குத்தறது விரல்லதான். கஸ்டமர் குத்தறது எங்கேன்னு, மெஷின் மிதிக்கிற உங்களுக்கு நான் சொல்லணுமா என்ன?

பாலக்காட்டுப் பக்கம் கொல்லங்கோட்டுல முப்பது வருஷமா லேடீஸ் டெய்லர் கடை வெச்சிருக்கேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோவம் அதைவிட நீளம். ஆனா தையல் சுத்தம். நான் தைச்ச துணியைத் திருப்பிப் பார்த்தா உள்பக்கம் ஒரு நூல் பிசிறு இருக்காது. அந்தத் திமிரோடதான் இத்தனை வருஷம் காலம் தள்ளினேன். அதுக்கு ஒரு சின்னப் புள்ளை வேட்டு வெச்ச கதையைத்தான் சொல்லப்போறேன், கேளுங்க.

அளவெடுக்கப் போய்க் கடி வாங்கினது

மே மாசம். நெல்லு வெவசாயம் பண்ற குடும்பத்து மருமக, சுதான்னு பேரு. இடுப்புல குழந்தையோட வந்து ஸ்கூல் யூனிபார்ம் தைக்கணும்னா. நானும் சும்மா இருக்கமாட்டாம, "ஏனம்மிணி, ரெண்டு வயசுப் புள்ளைக்கு எதுக்கு யூனிபார்ம்?"னு கேட்டுப்போட்டேன். அந்தப் புள்ளைக்கு அஞ்சு முடிஞ்சு ஆறு நடக்குதாம். நந்தனான்னு பேரு. ஒண்ணாங்கிளாஸ் சேர்க்கணும். பொறக்கறப்பவே வந்த ஏதோ அபூர்வமான ஜீன் கோளாறாம், உடம்பு ரொம்ப மெதுவாத்தான் வளருமாம். புத்தியில ஒரு குறையும் இல்லை. தமிழும் மலையாளமும் தண்ணி பட்ட பாடு.

டேப்பை எடுத்துக் கழுத்துல வெச்சேன். கூரை எகிர்ற மாதிரி ஒரு கத்து. "அட, நில்லு சாமி"ன்னு தோளைப் புடிச்சேன், மணிக்கட்டுல பல்லு பதியக் கடிச்சுட்டா. எனக்கு வந்ததே கோவம்! "இத்தனை அடம் ஆகாது, புள்ளையை வளர்க்கற லட்சணமா இது?"ன்னு சுதாவைப் புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். அந்தப் பொண்ணு குழந்தையைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிதானமாச் சொல்லுச்சு. சத்தம், வாசனை, மேல படற துணி, நமக்குத் தெரியவே தெரியாததெல்லாம் இவளுக்குப் பெருசா உறைக்குமாம். போன வருஷம் யூகேஜி அனுப்பினப்போ, ஒரு மணி நேரத்துல கிளாஸ் நடுவுலயே துணியை எல்லாம் உருவிப் போட்டுட்டாளாம். புள்ளைங்க எல்லாம் சிரிச்சிருக்குதுங்க. துண்டுல சுத்தித் தூக்கிட்டு வந்ததோட ஸ்கூல் நின்னு போச்சு. "இந்த வருஷமும் அப்படி ஆச்சுன்னா ஊட்டோட கெடக்கட்டும்"னு அவங்க வூட்டுக்காரர் சொல்லிட்டாராம். சொல்லி முடிச்சுட்டுக் கடைசியா ஒண்ணு சொன்னா பாருங்க, கடி பட்ட இடத்தைவிட அதுதான் வலிச்சுது.

"அவ அடம் புடிக்கலீங்கக்கா, அவளுக்கு எரியுதுங்க."

வளர்ற புள்ளைக்குத் துணி விட்டது

குழந்தைத் துணி தைக்கக் குடுக்கறவங்க எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடுவாங்க: "வளர்ற புள்ளைங்க, கொஞ்சம் துணி உள்ளே விட்டுத் தையுங்க." சுதாவும் அதையேதான் சொன்னா. நானும் அவளோட பழைய கவுன் ஒண்ணை அளவுக்கு வெச்சுக்கிட்டு, கை பழகின பழக்கத்துல விலாவுல ரெண்டு விரக்கடை, அடியில நாலு விரக்கடைன்னு துணியை உள்ளே மடிச்சு விட்டு, அழகா ஓரம் அடிச்சுக் குடுத்தேன். கட்டம் போட்ட சட்டை, கருநீலப் பாவாடை. அதைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கிட்டேன்.

அடுத்த நாள் காத்தால துணி திரும்பி வந்துருச்சு. போட்ட ஒடனே அலறிக் கழட்டிட்டாளாம். சுதா, புள்ளை போட்டிருந்த பழைய பாவாடையைக் கொஞ்சம் எறக்கி அவ இடுப்பைக் காட்டினா. நான் மடிச்சு விட்ட துணி எங்கெங்கே இருந்துச்சோ அங்கெல்லாம் செவசெவன்னு தடம். இத்தனை வருஷத்துல எத்தனையோ புள்ளைங்களுக்கு அப்படித் தைச்சிருக்கேன், ஒருத்தியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த மடிப்பை எல்லாம் பிரிச்சு வெட்டிடட்டுமான்னு கேட்டேன். வெட்டிட்டா அப்புறம் பெருசு பண்ண முடியாதுன்னு சொல்றது என் கடமை, அதையும் சொன்னேன். சுதா கொஞ்ச நேரம் அந்த மடிப்பையே தடவிக்கிட்டு நின்னா.

"வெட்டிருங்கக்கா. மெதுவாத்தான் வளருவான்னு டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு, எனக்குத்தான் காதுல ஏறலை."

மானம் போன தையல்

வெட்டியும் ஆகலை. தையல் ஓரம்னு ஒண்ணு உள்ளே இருக்கத்தானே செய்யும்? அதுவும் அவளுக்குக் குத்துச்சு. நான் தலையில கை வெச்சு உக்காந்திருந்தேன். நந்தனா கடைத் தரையில உக்காந்து, போட்டிருந்த பழைய கவுனைக் கழட்டி, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி, தானே மாட்டிக்கிட்டா. "திருப்பிப் போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?"ன்னு சுதா அதட்டினா. "அடியே, அவளை விடு! அவ சரியாத்தான் சொல்லிட்டிருக்கா"ன்னு நான் கத்தினதுல சுதாவே பயந்துட்டா.

அன்னிக்கே வேற புதுத்துணி எடுத்தேன். தோள், விலா, கை எல்லாத் தையலும் வெளிப்பக்கம். உள்ளே தடவினா உள்ளங்கை மாதிரி வழவழன்னு இருக்கணும். காலர் வேண்டாம். பட்டன் வேண்டாம். இடுப்புல எலாஸ்டிக் கடிக்கும், அதுக்குப் பதிலாத் தோள்ல பட்டி. புதுத்துணி வாசனைக்கே ஓங்கரிக்கிறாளேன்னு, வெட்டறதுக்கு முன்னாடியே துணியை நாலு நாள் வெறும் தண்ணியில அலசி அலசிக் காயப்போட்டேன். இத்தனையும் பண்ணி மேஜை மேல விரிச்சா, ஓரம் எல்லாம் வெளியே துருத்திக்கிட்டு, தையல் பழக வந்தவ முதல் நாள் கெடுத்த துணி மாதிரி கெடக்குது! எனக்கே பார்க்க மனசில்லை. என்கூட பக்கத்து மெஷின்ல உக்காந்து தைக்கிற ஜெயந்தி அதைத் தூக்கிப் பார்த்தா. அவ என்கிட்ட வாங்காத திட்டு இல்லை.

"ஏனக்கா, இதை நான் தைச்சிருந்தா அப்பவே என்னை ஊட்டுக்கு அனுப்பியிருப்பீங்கல்ல?"

கல்யாண பிளவுஸ்காரம்மா

ஒவ்வொரு தையலையும் போட்டுப் பார்க்க நந்தனா தினமும் கடைக்கு வந்தா. அவ இருக்கறப்போ மெஷின் மோட்டார் ஓடக் கூடாது. அந்த உறுமலுக்குக் காதைப் பொத்திக்கிட்டு மேஜைக்கு அடியில போயிருவா. அதனால மோட்டாரைக் கழட்டிட்டு ரெண்டு பேரும் பழையபடி காலால மிதிச்சோம். முட்டி வலி நமக்குப் புதுசா என்ன! ஆனா வேலை பாதிக்குப் பாதி நின்னு போச்சு. மகளுக்குக் கல்யாணம் வெச்சிருந்த அம்மா ஒருத்தங்க மூணாம் தடவையா வந்து, "என் பிளவுஸ் எங்கே?"ன்னு எகிறினாங்க. எகிறின வேகத்துல மேஜையில இருந்த சட்டையைப் பார்த்துட்டு, "பொம்மைக்குத் துணி தைக்கறதுக்கா என்னை நடக்க வெக்கறீங்க?"ன்னாங்க.

எனக்குச் சுர்ருனு ஏறிருச்சு. "பொம்மைக்கில்லைங்க. ஒண்ணாங்கிளாஸ் போகப்போற மனுஷிக்கு. உங்க பொண்ணுக்குக் கல்யாணம் எப்படியோ, இந்தம்மாவுக்கு இது அப்படி"ன்னுட்டேன். போச்சு, பெரிய பார்ட்டி கைவிட்டுப் போச்சுன்னு ஜெயந்தி கண்ணை மூடிக்கிட்டா. அந்தம்மா குனிஞ்சு மேஜைக்கு அடியில பார்த்தாங்க. நந்தனா அங்கிருந்து அவங்களை முறைச்சுப் பார்த்தா.

"சரி சரி, முதல்ல அந்த மனுஷியை அனுப்பிட்டு அப்புறமா என்னோடதை எடுங்க."

டீச்சர் வெச்ச கெடு

ஸ்கூல் தெறக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, யூனிபார்மை எடுத்துக்கிட்டு நானும் சுதாவும் கிளாஸ் டீச்சரைப் பார்க்கப் போனோம். டீச்சர் மலையாளத்துக்காரங்க, நல்ல மனுஷி, தமிழும் பேசுவாங்க. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, இது உள்ளா வெளியான்னு கேட்டாங்க. வெளிதான்னு சொன்னேன். சொல்றப்போ குரல் கொஞ்சம் எறங்கித்தான் போச்சு. என் வாயால அதைச் சொல்லவேண்டி வந்துச்சு பாருங்க!

டீச்சர் பயந்தது சட்டைக்காக இல்லை. போன வருஷம் நடந்தது அவங்களுக்கும் தெரியும். மத்த புள்ளைங்க சிரிச்சா இவ மறுபடியும் கழட்டிருவாளேன்னுதான் பயம். அப்படி ஆச்சுன்னா சுதா வூட்டுக்காரர் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவாரு, அப்புறம் யாரு சொல்லியும் ஆகாது. நான் அங்கே கோவப்படலை. கோவப்பட ஒண்ணுமில்லை, எனக்கும் அதே பயம்தான். டீச்சர் சட்டையை மடிச்சுக் கையில குடுத்தாங்க.

"முதல் நாள் சாயங்காலம் வரை அவ இதோட இருந்துட்டா மதி, அது போதும், பின்னே உள்ளதை நான் பார்த்துக்கறேன்."

ஸ்கூல் தெறந்த அன்னிக்கு

ஜூன் மாசத்து மழை, சொல்லணுமா. காத்தாலயே கொட்டுது. ஈரத்துணி மேல ஒட்டினா அவளுக்கு ஆகாதே, பாவாடை நனைஞ்சா என்ன ஆகும்னு நான் வாசலுக்கும் மெஷினுக்குமா நடக்கறேன். பதினோரு மணிக்குள்ள ஒரு வலக்கையை இடப்பக்கம் வெச்சுத் தைச்சேன், ஒரு நல்ல பட்டுத்துணியைக் கத்தரி போட்டுக் கெடுத்தேன். போன் அடிச்சாலே தூக்கிப் போடுது. ஜெயந்தி என் கையில இருந்து கத்தரியைப் புடுங்கிக்கிட்டா.

"போய் அந்த கேட்டுலயே நில்லுங்கக்கா, நீங்க இங்கே இருந்தா இன்னும் நாலு பேரு பிளவுஸ் போயிரும்."

கேட்டு தெறந்தப்போ

சுதா காத்தாலயிருந்தே அங்கேதான் நின்னிருக்கா. பையில மாத்துத்துணி. சாயங்காலம் பெல் அடிச்சுது. புள்ளைங்க எல்லாம் வந்துச்சு, போச்சு. இவளைக் காணோம். சுதா என் கையை இறுக்கிப் புடிச்சா. கடைசியா, எல்லாருக்கும் பின்னாடி, டீச்சரோட குடைக்குள்ள பொடி நடையா வந்தா நந்தனா. சட்டை போட்டிருந்தா. பாவாடை போட்டிருந்தா. நெஞ்சுல சாம்பார்க் கறை, தோள்ல என் தையல் ஓரம் ஊருக்கே தெரியுது. எத்தனையோ கல்யாணப் பொண்ணுங்களுக்குத் தைச்சிருக்கேன், என் துணியை ஒருத்தர் மேல பார்த்து எனக்கு அப்படி ஒரு பெருமை வந்ததில்லை. நடுரோட்டுல நின்னு அழுதேன்.

மத்தியானம் ஒரு பையன், இவ சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கான்னு சொல்லிக் கிளாஸே சிரிச்சுதாம். கழட்டப் போறாள்னு டீச்சர் ஓடியிருக்காங்க. இவ கழட்டலை. எழுந்திரிச்சு நின்னு பதில் சொன்னாளாம். "நீ என்ன சாமி சொன்னே?"ன்னு கேட்டேன். நந்தனா என் முகத்தை நேராப் பார்த்துச் சொன்னா.

"எல்லாரும்தான் திருப்பிப் போட்டிருக்கீங்க, நான் மட்டும்தான் சரியாப் போட்டிருக்கேன்னு சொன்னேன்."

அப்போ இந்த ஊருல முப்பது வருஷமா நான் எல்லாருக்கும் தப்பாத்தான் தைச்சுக் குடுத்திருக்கேன் போல, நீங்களும் அப்படித்தான்னு வைங்க, கஸ்டமர் காதுல மட்டும் போட்டுராதீங்க.