முதல் பிளக்கில் இருந்த நாமம்

1. அப்பா ஒரு பழைய காரை வாங்கி வந்தார். நான்கு சிலிண்டர். முன்பு வைத்திருந்தவர் காபித் தோட்டக்காரர்.
2. ஆயுத பூஜையன்று அத்தை அதற்குச் சந்தனம், குங்குமம், பூ எல்லாம் சாத்தினார்.
3. தசரா முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எஞ்சின் நடுங்கத் தொடங்கியது.
4. மேல்கோட்டையிலிருந்து அக்காவின் மாமனார் எழுதினார்: மருமகளுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, பஸ்ஸில் அனுப்பத் துணிவில்லை, வெள்ளிக்கிழமை காரோடு வரவும்.
5. எங்கள் மெக்கானிக் பட்டாளத்து லாரிகளைப் பழுதுபார்க்கப் போய்விட்டிருந்தார். யுத்த காலம்.

அக்காவுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இந்த முறை உடம்பு குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் காரோ, நின்ற இடத்திலேயே கதவுக் கண்ணாடிகளைக் கடகடவென்று ஆட்டியது.

நான் பெங்களூரில் ரேடியோ பழுதுபார்க்கும் பயிற்சியை முடித்து வீடு திரும்பியிருந்தேன். கருவிப் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்ததும் அப்பா கேட்டார்.

"ரேடியோவும் காரும் ஒண்ணாடி?"

"கம்பியும் தீப்பொறியும் ரெண்டுலேயும் உண்டுப்பா."

நோட்டில் ஏழு காரணங்களை எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தேன். எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகளை இறுக்கினேன். நைந்துபோன ரப்பருக்குப் பதில் டயர்த் துண்டு வைத்தேன். கார்புரேட்டரைக் கழுவினேன். நடுக்கம் குறையவில்லை. செவ்வாயும் புதனும் போயின.

வியாழன் காலை, ஓடும் எஞ்சினில் மரப்பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரால் தீப்பொறி தரும் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் எஞ்சின் இரும்போடு சேர்த்துப் பார்த்தேன். அப்படிச் செய்தால் அந்த சிலிண்டர் நின்றுவிடும். இரண்டு, மூன்று, நான்கில் நடுக்கம் இன்னும் அதிகமானது. முதலாவதில் எந்த மாற்றமும் இல்லை. அது ஏற்கெனவே செத்துக் கிடந்தது.

அந்த பிளக்கைக் கழற்றி, முனையைத் தேய்த்து மறுபடி மாட்டினேன். பலனில்லை. இரண்டாம் முறை கழற்றும்போதுதான் என் விரல்களைக் கவனித்தேன். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் இருந்த நாமத்தின் மேல் படாமல் அவை விலகி விலகிப் பிடித்துக்கொண்டிருந்தன.

மற்ற மூன்றுக்கும் குங்குமப் பொட்டு மட்டும். முன்னால் கைக்கு எட்டிய இதற்கு அத்தை திருமண் குழைத்து, தலையிலிருந்து அடிவரை முழு நாமமே சாத்தியிருந்தார். மழை ஈரத்தில் அது கசிந்திருந்தது. ஈரப்பூச்சு உள்ள பீங்கானில் மின்சாரம் வெளியே வழிந்து ஓடிவிடும் என்று பயிற்சியின் முதல் வாரமே படித்தவள் நான். வேறு மண்ணாக இருந்தால் பார்த்ததும் துடைத்திருப்பேன். இதை அழுக்கு என்று என் கண் எடுத்துக்கொள்ளவே இல்லை.

யாருக்கும் தெரியாமல் துடைத்துவிடலாம். ஆனால் அடுத்த பூஜைக்கு அத்தை மறுபடி சாத்துவார். கூப்பிட்டுக் காட்டினேன்.

அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. அக்காவை வளர்த்தவர் அவர்தான்.

"அவ சௌக்யமா வந்து சேரணும்னு வேண்டிண்டுதான் இதைச் சாத்தினேன்," என்றார். "அவ ஏறற வண்டியை நானேவா கெடுத்தேன்?"

"நீங்க கெடுக்கலை அத்தை. மழை கெடுத்தது. மூணு நாளா பாத்துண்டே இருக்கேன், நேக்கே தெரியலை."

"படிச்சவளுக்கே தெரியலை," என்றார் அப்பா.

"நீ பேசாதேடா. கார் வாங்கினவன் திறந்து பாத்திருக்கணும்."

அத்தை தானே ஈரத்துணியால் துடைத்தார். நான் உலர்ந்த துணியால் துடைத்து, அடுப்பருகே காயவைத்தேன்.

"அப்போ பெருமாளை எங்கேடி எழுந்தருளப் பண்றது?"

"கரண்ட் ஓடாத இடமா பாருங்கோ."

"அப்படின்னா உங்கப்பன் மண்டைதான்."

பிளக்கை மறுபடி மாட்டியதும், அப்பா காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினார். எஞ்சின் பிடித்தது. கண்ணாடிகள் சத்தம் போடவில்லை. அத்தை பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றார்.

வெள்ளிக்கிழமை போய் அழைத்துவந்தோம். அக்கா இப்போது உள் அறையில் படுத்திருக்கிறாள். ஒன்பதாம் மாதம். குழந்தை நன்றாக அசைகிறது. கார் மெதுவாக ஓடும்போது இன்னும் கொஞ்சம் அதிர்கிறது. சரியான ரப்பர் கடைகளில் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பும் அளவுக்கு ரேஷன் பெட்ரோல் இருக்கிறது.